மோரில் போட்ட ஐஸ்

மே 4, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. கூரை அதே இடத்தில் ஒழுகல். வாளி வைத்தாச்சு.

மகன் சேகர் காலைப் பெரட்டுக்கு, ஆள் எண்ணுகிற இடத்துக்கு, போகவில்லை. வலது முட்டி இளநீர்க் காய் மாதிரி. இடது குதிகால் தரையில் படக்கூடாது. சனிக்கிழமை வரைக்கும் செம்பனைக் குலை வெட்டின பயல், இன்று சுவரைப் பிடித்துப் பிடித்துக் கக்கூசுக்கு.

"என்னாடா, எனக்கு முன்னாடி நீ கெழவனாயிட்டியா?"

"சும்மா இருங்கப்பா. முட்டிக்குள்ள யாரோ கத்திய வுட்டு திருப்புற மாரி இருக்கு."

மருமகள் லெட்சுமி விளக்கெண்ணெய் சுட வைத்துத் தடவினாள். நான் தொட்டுப் பார்த்தேன். சூடு எண்ணெயுடையது இல்லை, முட்டியுடையது.

பக்கத்து வீட்டு ராக்கம்மா வேலிப் பக்கம் நின்று: "தீ மிதிச்ச காலு. காப்பு கட்டுனப்ப ஏதோ கொறை வச்சிருக்கான்."

தீமிதி முடிந்து மூன்று வாரம். ஒரு கொப்புளம்கூட இல்லாமல் ஓடி வந்தவன். நான்தான் அந்தக் கோடியில் மோர் அண்டாவோடு நின்றேன்.

மே 5, செவ்வாய்

வெயில். பல் வலி எனக்கு. மீதி இருப்பதே ஏழு, அதில் ஒன்று.

சேகர் கண் இரண்டும் சிவப்பு. வெளிச்சத்தைப் பார்க்க முடியவில்லை. லெட்சுமி வேலைக்காட்டுக்குப் போனதும் என்னைக் கூப்பிட்டான். மெதுவாக: "அப்பா, ஒண்ணுக்குப் போனா எரியிதுப்பா. நெருப்பு மாரி."

சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது.

சாயங்காலம் கள்ளுக்கடை. எல்லாரும் சேகர் எப்படி என்று கேட்டார்கள். நான்: "எங்க ஊட்டுப் பய டவுனுக்குப் போயி ஏதோ வாங்கியாந்துட்டான்லா. முட்டியில வச்சிக்கிட்டு ஒக்காந்திருக்கான்." ஒரே சிரிப்பு. ஒருவருக்குப் புரை ஏறிக் கள்ளு மூக்கால் வந்தது. எனக்கும் நல்ல குஷி.

மே 6, புதன்

சேகரை சைக்கிளில் உட்கார வைத்து, தள்ளிக்கொண்டு எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு. அங்கே டாக்டர் கிடையாது, மருந்து போடுகிற டிரசர்தான். அவர் கண்ணைப் பார்த்தார், ஒண்ணுக்கு எப்படி என்று கேட்டார், என்னைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார். கள்ளுக்கடைப் பேச்சு எனக்கு முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"பெரிசு, நீங்க சொன்னது சரிதான் போல."

இடுப்பில் பெரிய ஊசி. சேகர் திரும்பத் திரும்ப: "ஐயா, நான் எங்கயும் போவல ஐயா." டிரசர் சீட்டில் எழுதிக்கொண்டே: "எல்லாரும் அப்பிடித்தான் சொல்வாங்க. ஒம் பொண்டாட்டியையும் நாளைக்கு வரச் சொல்லு. அவளுக்கும் ஒண்ணு போடணும்."

வரும் வழி முழுக்க சைக்கிள் பிரேக் சத்தம்.

மே 8, வெள்ளி

லெட்சுமி போய்விட்டாள். தஞ்சோங் காராங் பக்கம், அம்மா வீட்டுக்கு. எட்டு மணி பஸ்.

நேற்று ஆஸ்பத்திரியில் வரிசையில் பத்துப் பொம்பளை. அவர்கள் நடுவில் இவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, என்ன ஊசி என்றும் சொல்லியிருக்கிறார்கள். கல்யாணம் ஆகி இரண்டு வருசம். ஒரு தடவை குரல் உயர்த்திப் பேசினதில்லை அந்தப் பெண்.

பையை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றாள். சேகர் பாயில் உட்கார்ந்தபடி, "லெட்சுமி, சாமி சத்தியமா இல்ல" என்றான். அவள் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஒங்க வாயாலதான் மாமா சொன்னீங்க. பெத்த தகப்பனே சொல்றப்ப நான் யாரக் கேக்கிறது?"

"வெளையாட்டுக்குச் சொன்னேன் தாயி."

"எனக்கு ஊசி வெளையாட்டுக்கா போட்டாங்க?"

வாயில் வெற்றிலை. துப்பவும் முடியவில்லை, முழுங்கவும் முடியவில்லை.

மே 10, ஞாயிறு

முட்டி குறையவில்லை. ஊசி ஒன்றும் செய்யவில்லை. இப்போது இடது கணுக்காலும். கால் விரல் ஒன்று மொத்தமும் வீங்கி கொழுக்கட்டை. காய்ச்சல். கஞ்சி நான்தான் வைத்தேன். உப்பு அதிகம். அவன் குறை சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

கோயில் தலைவர் மாணிக்கம் வந்தார். உட்காரவில்லை. வாசல்படிக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

"காப்பு கட்டிக்கிட்டு பொம்பள கிட்ட போயிருக்கான். அதான் ஆத்தா காலப் புடிச்சிட்டா. வெள்ளிக்கெழம பூசைக்கு வந்து எல்லார் முன்னாடியும் ஒத்துக்கிட்டு மன்னிப்புக் கேக்கணும். இல்லாட்டி அடுத்த வருசம் ஒங்க வீட்டு வரி வேணாம், ஒங்க வீட்டுத் தேங்காயும் வேணாம்."

வாசலில் கிடந்த செருப்பை ஜோடி சேர்த்து வைத்தேன். ஊரில் எல்லாருக்கும் பதில் சொல்கிற வாய் இது.

மே 12, செவ்வாய்

கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரி. மீன் லோரியில் முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப்போனேன். ஒவ்வொரு குழிக்கும் அவன் பல்லைக் கடிக்கிற சத்தம்.

டாக்டர் பொம்பளை, சின்ன வயசு, நம்ம ஆள்தான். முட்டியில் ஊசி குத்தி இழுத்தார். மஞ்சள் தண்ணி, கலங்கல், ஒரு டம்ளர் இருக்கும். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன். ரத்தம், மூத்திரம், எல்லாம் எடுத்தார்கள். மூன்று மணி நேரம் பெஞ்சு. பக்கத்தில் ஒரு மலாய்க்கார ஆள் எனக்கு பிஸ்கட் தந்தார்.

அப்புறம் டாக்டர் கூப்பிட்டுக் கேட்டார்: "இது வர்றதுக்கு முன்னாடி, ரெண்டு மூணு வாரம் முன்னாடி, வயித்துப்போக்கு இருந்துச்சா?"

சேகர்: "இருந்துச்சி டாக்டர். தீமிதி முடிஞ்ச ரெண்டாம் நாளு. ரத்தமும் சளியுமா. நாலு நாளு."

"அதுதான். முட்டித் தண்ணியில கிருமி இல்ல. பொம்பள நோயும் இல்ல, பாத்தாச்சி. கெட்ட தண்ணியிலயோ சாப்பாட்டுலயோ கிருமி வயித்துக்குள்ள போயிருக்கு. ஒடம்பு அதோட சண்ட போட்டிச்சி. கிருமி போயிருச்சி, சண்ட நிக்கல. இப்ப மூட்டோட சண்ட போடுது. கண்ணு, மூத்திர எரிச்சல், எல்லாம் அதே சண்டதான்."

"அப்ப அந்த ஊசி?"

"அது இதுக்கு இல்லிங்க ஐயா."

கேட்டேன்: அந்த வாரம் லயத்து வீடுகளில் பல பேருக்கு வயிறு போச்சே, இவனுக்கு மட்டும் ஏன்? சில பேர் ரத்தம் அப்படி, அப்பன் வழியாகக்கூட வரலாம் என்றார். என் கூனல் முதுகைப் பார்த்து, "ஒங்களுக்கு சின்ன வயசுலயே முதுகு புடிச்சிக்கிட்டதா?" ஆமாம், இருபத்தஞ்சு வயசிலிருந்து. காலையில் எழுந்தால் பலகை.

"நான் இவனுக்கு வேற சொத்து ஒண்ணும் குடுக்கல டாக்டர்" என்றேன். டாக்டர் சிரித்தார். சேகர் சிரிக்கவில்லை.

சொன்னது, மறக்காமல் இருக்க:
- மாத்திரை மூன்று வேளை. சோறு தின்ற பிறகு மட்டும். வெறும் வயிற்றில் கூடாது, புண்ணாகும். வாந்தி கறுப்பாகவோ வெளிக்குக் கறுப்பாகவோ போனால் உடனே வரணும்.
- கண் சொட்டு மருந்து. கண் மங்கினால் காத்திருக்கக் கூடாது.
- இப்போதைக்கு நடை வேண்டாம். வலி குறைந்ததும் முட்டியை மடக்கி நீட்டணும், விட்டால் இறுகிவிடும்.
- முட்டிக்கு ஐஸ். துணியில் சுற்றி, கால் மணி நேரம்.
- சில மாசம் ஆகும். பல பேருக்குப் போய்விடும். சில பேருக்குத் திரும்பி வரும். இவனுக்கு எப்படி என்று இப்போது சொல்ல முடியாது.

ஐஸ் என்று சொன்னதும் எனக்குக் கை ஜில்லென்று ஆகிவிட்டது.

மே 13, புதன்

மப்பு. மழை இல்லை.

எழுதிவிடுகிறேன். இந்தப் புத்தகத்தை யார் படிக்கப் போகிறார்கள்.

தீமிதி அன்று ஐஸ் வண்டி வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. மோர் வெந்நீர் மாதிரி. மிதித்து வருகிறவர்களுக்குக் கொடுக்கிற முதல் தண்ணி அது. பத்து நாள் விரதம் இருந்தவர்கள். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் மீன் படகு அடைகிற ஜெட்டிக்குப் போனேன். தவுக்கே, சீன முதலாளி, எனக்குப் பழக்கம். படகில் மீனுக்குப் போடுகிற ஐஸ், ஒரு சாக்கு. அவர் கையை ஆட்டி, "இது மீனுக்கு, குடிக்க இல்ல" என்று மலாயில் சொன்னார். "எங்க சாமிக்கு மூக்கடைப்பு, வாடை தெரியாது" என்று நானும் மலாயில் சொன்னேன். அவரும் சிரித்தார்.

குழாயில் இரண்டு தடவை கழுவினேன். அண்டாவில் கொட்டினேன். ஒரு செதில் மேலே மிதந்தது. விரலால் எடுத்து வேட்டியில் துடைத்தேன். கறிவேப்பிலை கொஞ்சம் அதிகமாகக் கிள்ளிப் போட்டேன்.

சேகர் தீக்குழியிலிருந்து ஓடி வந்து மூன்று சொம்பு குடித்தான். "அப்பா, இன்னொண்ணு" என்றான். நானே ஊற்றினேன்.

நான் குடிக்கவில்லை.

அப்புறம் வயிறு போனவர்கள்: சேகர், ராக்கம்மா மகள், பூசாரி, டிராக்டர் ஓட்டுகிற முத்து, மாணிக்கத்தின் தம்பி. இன்னும் உண்டு. எல்லாரும் புதுத் தண்ணி, சூடு என்றார்கள். நானும் கூடச் சேர்ந்து சூடு என்றேன். பூசாரியைக் கக்கூஸ் பூசாரி என்று ஒரு வாரம் கூப்பிட்டேன்.

மே 14, வியாழன்

தஞ்சோங் காராங் போனேன். பாரிட் வாய்க்கால் ஓரமாக நடை, நெல் வயல், கொக்கு. லெட்சுமி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டு வாங்கியிருந்த கடிதத்தைக் கொடுத்தேன். இங்கிலீஷ். அவள் திருப்பிப் பார்த்துவிட்டு மடித்தாள்.

"கிருமி வயித்துல வந்துச்சாம் தாயி. அவன் மேல தப்பில்ல. டாக்டரே சொன்னாங்க."

அவள் அம்மா உள்ளேயிருந்து: "மகனக் காப்பாத்த காயிதம் வேற வாங்கியாந்துட்டாரு."

லெட்சுமி கேட்டாள்: "வயித்துல எப்பிடி வந்துச்சி? பத்து நாளா நாந்தான ஆக்கிப் போட்டேன். தண்ணி காச்சித்தான குடுத்தேன். வெளிய அவரு குடிச்சது கோயில் மோரு ஒண்ணுதான். சாமி மோர்ல என்னா இருந்துச்சி மாமா?"

அதுதான் நேரம். வாயைத் திறந்தேன். வந்தது: "ஒன்னோட சமையலா இருக்கும்லா."

கிண்டல். அந்த நேரத்திலும் கிண்டல். அவள் கடிதத்தை என் சட்டைப் பையில் திரும்ப வைத்தாள். கதவைச் சாத்தினாள். சத்தமில்லாமல்.

பஸ்ஸில் என் வாயை நானே இரண்டு தடவை அடித்துக்கொண்டேன். கண்டக்டர் பார்த்தார்.

மே 15, வெள்ளி

பூசை. சேகர் வரவேண்டும் என்று தலைவர் ஆள் அனுப்பினார். சேகர் ஒரு கம்பை ஊன்றி எழுந்தான். "போயி ஒத்துக்கிறேன்பா. செய்யாட்டியும் செஞ்சேன்னு சொல்லிட்டு வந்துர்றேன். நிம்மதியா படுக்கலாம்." முகம் சாம்பல் மாதிரி.

"நீ படு" என்றேன்.

தீபாராதனை முடிந்ததும் முன்னால் போய் நின்றேன். சட்டையைக் கழற்றினேன். எல்லாரும் ஏதோ வேடிக்கை என்று முன்னாலேயே சிரிக்க ஆரம்பித்துவிட்டார்கள். கள்ளுக்கடைக் கூட்டம் மொத்தமும் அங்கே.

"தீமிதி அன்னிக்கி மோர்ல நான் போட்டது மீன் ஐஸ். ஜெட்டியில வாங்குனது. குடிக்கிற ஐஸ் இல்லன்னு தெரியும். செதிலப் பாத்தேன், எடுத்துப் போட்டேன். ஒங்க எல்லாருக்கும் நாந்தான் குடுத்தேன். எம் மவன் எங்கயும் போவல. டவுனு கதை நான் கட்டுனது."

சிரிப்பு நிற்க நேரமாச்சு. பின்னால் இருந்தவர்கள் கடைசியில் நிறுத்தினார்கள். அப்புறம் கற்பூரம் எரிகிற சத்தம் கேட்டது.

ராக்கம்மா தொண்டையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடி வாந்தி எடுத்தாள். இத்தனை வாரம் கழித்து. முத்து என் தோளைப் பிடித்துத் தள்ளினான். விழுந்தேன். "எங்கம்மா உசுருக்கு வேண்டிக்கிட்டு மிதிச்சேன்டா கெழவா." அவன் அம்மா செத்தது போன வாரம்தான்.

மாணிக்கம் யாரையும் அடிக்க விடவில்லை. "நாப்பது வருசமா கோயில் அடுப்பு ஒங் கையில. இனி அடுப்புப் பக்கம் வராத. இந்தப் படி ஏறாத." அவ்வளவுதான்.

சட்டையை அங்கேயே விட்டுவிட்டேன் போல. வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

சேகருக்கு எல்லாம் எனக்கு முன்னால் எட்டிவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். மாத்திரை நீட்டினேன். வாங்கினான். முகத்தைக் காட்டவில்லை.

மே 16, சனி

கஞ்சி, மாத்திரை, சொட்டு மருந்து. முட்டி மடங்கவில்லை. என் முதுகும் இன்று பலகைதான்.

முற்றம் பெருக்கினேன். யாரும் வேலிப் பக்கம் வரவில்லை.

மே 17, ஞாயிறு

ஒன்பது மணி பஸ்ஸில் லெட்சுமி. என் கேலி அவளிடம் போக இரண்டு நாள் ஆச்சு. இது ஒரே நாளில்.

என்னைத் தாண்டி உள்ளே போனாள். சேகர் குரல், அவள் குரல், ரொம்ப நேரம். அழுகை யாருடையது என்று தெரியவில்லை. நான் குழாயடியில் உட்கார்ந்து, கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

வெளியே வந்தாள். கையில் தீமிதி அன்று ஐஸ் வந்த அந்தப் பழைய கோணிச் சாக்கு. அடுப்புக்குப் பின்னால் நான் சொருகி வைத்திருந்தது. என் காலடியில் போட்டாள்.

"டாக்டரு முட்டிக்கு ஐஸ் வைக்கச் சொன்னாங்களாமே. ஜெட்டிக்குப் போயி வாங்கிட்டு வாங்க மாமா." திரும்பினவள் நின்று, "செதிலு இருந்தாலும் பரவால்ல. இது குடிக்கிறதுக்கு இல்ல" என்றாள்.

உள்ளே சேகர் இருமினானா, சிரித்தானா. சரியாகக் கேட்கவில்லை. சைக்கிள் பின்டயரில் காற்று இல்லை. தள்ளிக்கொண்டே போகணும்.