புற்றைக் காத்த புரதம்

என் உயிரான மாரியண்ணே,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. போன சனிக்கிழமை செம்பூரில் உன் சாமியார் நடத்தும் வெப்ப சிகிச்சை நிலையத்துக்குப் போனேன். உன் போட்டோ அங்கே மாட்டியிருக்கிறது என்று மதினி அழுதுகொண்டே சொன்னாள். உண்மைதான். ஸ்கூல் வேன் ஓட்டும் நீலச் சட்டையில் சிரிக்கிறாய். கீழே ‘கல்லீரல் புற்றுநோயை வென்றவர்’ என்று மூன்று மொழிகளில் எழுதியிருக்கிறான். செத்தவனை ஜெயித்தவனாக்க அவனுக்கு ஒரு மொழி போதவில்லை.

நம் தாராவிச் சொந்தங்களும் இவனுக்குச் சளைத்தவர்கள் இல்லை. “ஈரல் போச்சுன்னா குடிதாம்” என்று உன் பதினாறாம் நாள் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டே பேசினார்கள். நீ ஒரு சொட்டு தொட்டதில்லை. ஹெபடைடிஸ் பி கிருமி வருஷக்கணக்கில் உன் ஈரலில் குடியிருந்திருக்கிறது. சொன்னால் கேட்கிற வாயா அது? விட்டுவிட்டேன்.

உன் ஈரலில் எடுத்த துணுக்கு மாட்டுங்காவில் நான் வேலை பார்க்கும் லேபுக்குத்தான் வந்தது. நான்தான் சாயம் ஏற்றினேன். ஸ்லைடு பழுப்பாக மாறியது. வெப்ப அதிர்ச்சிப் புரதம் அந்தச் செல்களில் நிறைய இருக்கிறது, இது புற்றுதான் என்பதற்கு அதுவும் ஒரு சாட்சி. அன்று சாயங்காலம் உன் வீட்டுக்கு வந்தபோது கேட்டாய்.

“ஏட்டி, அது என்னது பழுப்பா தெரிஞ்சுதுன்னு சொன்னியே?”

“ஹீட் ஷாக் புரோட்டீன்ணே. சூடோ வேற கஷ்டமோ வந்தா செல்லு சாகாம காப்பாத்தும்.”

“அப்ப நல்லதுதானட்டி!”

நான் வீடு திரும்பும் டோம்பிவிலி ரயிலுக்கு நேரமாகிவிட்டது. “பொறவு சொல்லுதேன்” என்று பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். நல்ல செல்லைக் காக்கிற அதே புரதத்தைப் புற்றுச் செல் அளவுக்கு மீறிச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் சாகாமல் பெருகுகிறது என்ற மீதிப் பாதியை நான் சொல்லவே இல்லை.

கட்டி சின்னது, உடனே அறுத்து எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். அதற்குள் இந்தச் செம்பூர்க்காரன் உன்னைப் பிடித்துவிட்டான். சூடு கொடுத்தால் அந்தப் புரதம் எழும்பி நோயைத் தானே பார்த்துக்கொள்ளும் என்றான். தங்கச்சி வாயிலிருந்து ஏற்கெனவே கேட்ட பெயர் இல்லையா, நம்பிவிட்டாய். நான்கு மாதம் வெந்நீர்ப் போர்வைக்குள் கிடந்தாய். “ஆபரேஷன் தேதி தள்ளிப்போச்சு, அதுவரை கசாயம் குடிக்கேன், நல்லாருக்கேன்” என்று போனில் எனக்குப் பொய்யும் சொன்னாய். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனபோது புற்று ரத்தக்குழாய்க்குள் இறங்கியிருந்தது. அறுக்க முடியாது என்றுவிட்டார்கள்.

சனிக்கிழமை அவனிடம் போட்டோவைக் காட்டிக் கேட்டேன்.

“அரே மேடம், டென்ஷன் எதுக்கு? உங்க அண்ணன் மனசளவுல ஜெயிச்சாரு.”

“அந்தப் புரோட்டீன் புத்துச் செல்லுல எதுக்கு அவ்வளவு இருக்கு? சொல்லுங்க.”

“அதெல்லாம் டெக்னிக்கல் மேட்டர்.” சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்த்தான். இவ்வளவுதான் அண்ணே, நீ கும்பிட்டவனின் சரக்கு.

காத்திருந்தவர்கள் பக்கம் திரும்பினேன். “இது எங்க அண்ணன். செத்து ஏழு மாசமாச்சு. இந்தப் போர்வைச் சூட்டுக்குப் புத்து சாகாது. ஆபரேஷன் சொல்லியிருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்றேன். ஒரு பெண் மட்டும் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து போனாள். ஒரு பெரியவர், டோக்கன் நம்பர் தெரியவில்லை, தள்ளி நில் என்றார்.

போட்டோவைக் கழற்றினேன். “மேடம், ஃபிரேம் எங்களுது” என்றான். ஃபிரேமை அவன் மேஜையில் போட்டுவிட்டு உன்னை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவனைக் காறித் துப்புவது சுலபம். பாதி சொல்லிவிட்டு ரயிலுக்கு ஓடியவளை என்ன செய்வது? அடுத்த ரயிலில் போயிருந்தால்தான் என்ன குடிமுழுகியிருக்கும்?

மதினிக்கும் உன் மகள் செல்விக்கும் ரத்தம் பார்த்தாயிற்று. கிருமி இல்லை. இரண்டு பேருக்கும் தடுப்பூசி முதல் தவணை போட்டாயிற்று. மீதித் தவணைகளுக்கும் நானே கூட்டிக்கொண்டு போவேன். செல்வி கேட்கிற கேள்விக்கெல்லாம், எந்த ரயில் போனாலும் சரி, முழுசாகப் பதில் சொல்லிவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

உன் கூடப்பிறந்தவள்,
இசக்கி