வகுப்பு இல்லாத நாள்

எண்ணூர்
12.1.2025

அன்புள்ள ஷிஜிக்கு,

பவானி அக்கா எழுதுவது. நானும் உன் ரஞ்சித் மாமாவும் நலம். நீயும் பென்னி தம்பியும் அங்கே நலமாக இருக்க வேண்டும்.

கையில் போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் உன் குரலைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. போன வாரம் பார்த்தாயே, இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்துவிட்டேன். எழுதினால் கொஞ்சம் பதமாக வரும். இதை ராயபுரத்தில் உங்கப்பா கடையில் கொடுத்துவிடுவேன். மஸ்கட் வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவதாக அண்ணாச்சி சொல்லியிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ ராயபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆரம்பித்த சனிக்கிழமை டியூஷன் வகுப்பு சரியில்லை. முகத்துவாரத்தில் இறால் வலை கட்ட வீட்டுக்கு வீடு முறை வைப்பது மாதிரி, வகுப்புக்கும் முறை வைத்தோமே. முறைக்காரர் வீட்டில் பாய் போட்டு, சுண்டல் கொடுத்து, பெரியவர் ஒருத்தர் கூடவே உட்கார வேண்டும், காலேஜ் போகிற பெண்கள் ஆளுக்கு மூன்று பிள்ளைகளைப் பொறுப்பெடுக்க வேண்டும் என்று. எல்லாம் நீ இருந்தவரைக்கும்தான். இப்போது அவரவர் வேலை அவரவருக்கு. உன் முறை வரும்போது என் வீட்டில் நான் ஒருத்தியே பாய் போட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ வந்து ஒரு மாதம் இருந்தால் எல்லாம் சரியாகும். உன் பேச்சைத்தான் கேட்பார்கள். மாமா விசைப்படகில் போய்ப் பத்து நாளாகிறது. நான் மீன் விற்று வந்தால் வீட்டில் பேச ஆளில்லை. டிவியைப் போட்டு அதோடு பேசுகிறேன், சிரிக்காதே.

உன் வரவை எதிர்பார்க்கும்,
பவானி அக்கா


மஸ்கட்
3.2.2025

பிரியமுள்ள பவானி அக்காவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். வகுப்பைப் பற்றி எழுதியிருந்ததை வாசித்துவிட்டு அழுகையே வந்துவிட்டது.

இங்கே பென்னி காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எட்டாவது மாடி. பக்கத்து வீட்டுக் கதவு திறந்து நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனால் கை தானாகக் கொண்டைக்கடலையை ஊறப்போடப் போகிறது. ஊறப்போட்டுவிட்டு யாருக்கு என்று யோசிப்பேன்.

ஜூனில் நிச்சயம் வருகிறேன் அக்கா. அதுவரை வகுப்பு கெட்டுப்போகக் கூடாது. அதனால் ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். எங்கள் சபைக்காரர்கள் கொஞ்சம் உதவுகிறார்கள். வகுப்பில் மூன்று பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற நம்ம கீர்த்தி பி.காம். முடித்துச் சும்மாதானே இருக்கிறாள். வகுப்பைப் பார்த்துக்கொள்ள அவளுக்கு மாதச் சம்பளம் கொடுக்கச் சொல்லிவிட்டேன். உங்கள் பாரமும் குறையும். சந்தோஷம்தானே?

இப்படிக்கு உங்கள் அன்புத் தங்கை,
ஷிஜி


எண்ணூர்
9.3.2025

அன்புள்ள ஷிஜிக்கு,

சந்தோஷமா என்று கேட்டிருந்தாய். தலையில் கல்லைப் போட்டுவிட்டாய்.

கீர்த்திக்குச் சம்பளம் என்று தெரிந்த அந்தச் சனிக்கிழமை பச்சையம்மா வீட்டு முறை. பிள்ளைகள் பையோடு போய் நின்றால் கதவு சாத்தியிருக்கிறது. நான் போய்த் தட்டினேன். ஜன்னல் வழியாகவே சொன்னாள்: "இன்னாத்துக்கு பவானி என் வூட்ல? அவ சம்பளம் வாங்கிக்கினு கீறாள்ல, அவ வூட்லயே வெச்சிக்கட்டும். நான் ஓசில சுண்டல் அவிச்சிப் போடணுமா?"

அடுத்த வாரம் முறைக்காரர் வெற்றி, அவர் வீட்டிலும் அதே கதை. மற்ற காலேஜ் பெண்களும் நின்றுவிட்டார்கள். அவளுக்கு மட்டும் காசு, நமக்கு மட்டும் சேவையா என்று கேட்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. முறை என்றால் எல்லாருக்கும் ஒன்றுதான். முகத்துவாரத்தில் ஒருத்தனுக்கு மட்டும் கூலி கொடுத்து வலை கட்டச் சொல்லிப் பார், மறுநாள் ஒருத்தரும் தண்ணீரில் இறங்கமாட்டார்கள். மூன்று வருஷம் எங்களோடு இருந்தாயே, இது கூடத் தெரியாதா உனக்கு?

கீர்த்தி பாவம், தண்ணீர் பிடிக்கக்கூடத் தெருவுக்கு வருவதில்லை. நீ ஜூன்வரை காத்திருக்காதே. உடனே வா.

பவானி


மஸ்கட்
30.3.2025

அன்புள்ள அக்கா,

கீர்த்தி போன் செய்தாள். ஒரு மணி நேரம் அழுதாள். அழுகையோடு ஒன்று சொன்னாள்: "நல்லா நடந்துகினு இருந்துச்சிக்கா, நீ ஏன் காசக் குடுத்த?"

ஜனவரியில் வகுப்புக்கு நாற்பது பிள்ளைகள் வந்தார்களாம். இடம் போதாமல் வெளியே சாக்கு விரித்தார்களாம். வலைத் தகராறில் பல வருஷமாகப் பேசாத மனோகரன் குடும்பமும் பச்சையம்மா குடும்பமும் பிள்ளைகளைக் கூப்பிடப் போய், ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் டீ குடித்தார்களாம். நான் இங்கே வந்த பிறகு பெய்த மழையில் தண்ணீர் ஏறினபோது, காலேஜ் பெண்கள்தான் தங்கள் பொறுப்பிலிருந்த பிள்ளைகளின் வீடு வீடாகப் போய்ப் பெரியவர்களை மேட்டுக்கு ஏற்றினார்களாம். இதில் ஒன்றையாவது நீங்கள் எழுதவில்லை. பாய் போட ஆளில்லை என்று எழுதினீர்கள்.

நீங்கள் சொன்னதை நம்பித்தான் அந்த ஏற்பாட்டைச் செய்தேன் அக்கா. ஏன் அப்படி எழுதினீர்கள்? என் மேல் என்ன கோபம்? எனக்கு மனசு விட்டுப்போய்விட்டது.

சம்பளத்தை நிறுத்திவிட்டேன். நான் தலையிட்டால் இன்னும் கெடும். நான் இல்லாமலே நன்றாக நடந்திருக்கிறது. அதனால் ஜூன் பயணம் வேண்டாம் என்று பென்னியிடம் சொல்லிவிட்டேன். அவருக்கும் லீவு கஷ்டம்.

ஷிஜி


எண்ணூர்
20.4.2025

அன்புள்ள ஷிஜிக்கு,

முதலில் நல்ல செய்தி. வகுப்பு மறுபடி நடக்கிறது. கீர்த்தி தண்ணீர்க் குழாயடியில் எல்லார் முன்னாலும் நின்று, "எனக்குத் துட்டும் வேணா ஒண்ணும் வேணா, என் மூணு புள்ளைங்கள எங்கிட்ட அனுப்புங்க, அது போதும்" என்றாள். பச்சையம்மாதான் முதலில் கதவைத் திறந்தாள். "வாமே உள்ள, வெயில்ல நிக்காத" என்றாள். அவ்வளவுதான், முடிந்தது சண்டை.

முறையைப் புதிதாகப் போட்டார்கள். உன் முறையைக் கீர்த்தி வீட்டுக்குக் கொடுத்துவிட்டார்கள். வலை கட்டுவதிலும் அதுதான் வழக்கம், ஊரில் இல்லாதவருக்கு முறை கிடையாது. இத்தனை நாள் நான்தான் உன் பேரை விடாமல் ஓட்டிக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை நான் வாயைத் திறக்கவில்லை.

இப்போது நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், நன்றாகத்தான் நடந்தது. சரியில்லை என்றுதான் எழுதினேன். நன்றாக நடக்கிறது என்று எழுதியிருந்தால் நீ என்ன செய்திருப்பாய்? இப்போது செய்ததைத்தான் செய்திருப்பாய். நன்றாக நடக்கிறது என்று தெரிந்த உடனே பயணத்தை நிறுத்திவிட்டாய் பார்.

எனக்கு வகுப்புக்கு அனுப்பப் பிள்ளை இல்லை. தெரிந்ததுதான். மற்றவர்கள் பிள்ளைக்காக வந்தார்கள், நான் உனக்காக வந்தேன். வகுப்பு முடிந்து, பஸ் வருகிறவரை நீயும் நானும் பாலத்து மேல் நின்று பேசுவோமே, அதற்காகத்தான் ஆறு நாளும் மீன் கூடையைத் தூக்கினேன். நீ வந்ததால் இந்த ஊரில் எல்லாருக்கும் ஆள் கிடைத்தது. பச்சையம்மாவுக்கு மனோகரன் பெண்சாதி கிடைத்தாள். கீர்த்திக்கு மூன்று பிள்ளைகள் கிடைத்தார்கள். எனக்கு நீ கிடைத்தாய், நீ மட்டும் போய்விட்டாய்.

மீன்பிடித் தடைக்காலம் ஆரம்பித்துவிட்டதால் மாமா வீட்டில்தான் இருக்கிறார். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணப் போய் ஏம்மே பேஜார் பண்ற" என்றார். சரிதான். இனி எழுதமாட்டேன்.

வகுப்புக்கு நீ வேண்டியதில்லை ஷிஜி. எனக்குத்தான் வேண்டும். அதை நேராகக் கேட்க வெட்கமாக இருந்தது.

பவானி


மஸ்கட்
11.5.2025

அக்கா,

ஜூன் 4 வருகிறேன். பென்னி வரவில்லை, நான் மட்டும். ஐந்து நாள்தான் இருக்க முடியும், அதில் அப்பா வீட்டுக்கும் கொஞ்சம் கொடுக்க வேண்டும்.

சனிக்கிழமை ஊருக்குள் வரமாட்டேன். நான் வருவதை யாரிடமும் சொல்லவும் வேண்டாம். வந்து இறங்கின அன்றைக்கே, புதன்கிழமை வருகிறேன். அன்றைக்கு வகுப்பு கிடையாதுதானே?

ஷிஜி