சங்கு ஊதியதும் உட்கார்ந்தவர்

அக்கா,

இன்று காலை வாலாஜாபாத் பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் முழங்காலுக்குத் தைலம் தேய்த்தாள். அந்த வாசனையோடு உங்கள் குரலும் வந்துவிட்டது: "ஸ்தோத்திரம்மா." வழக்கம்போல "வணக்கம்" என்றேன், மனதுக்குள். பல வருடம் இப்படியே பேசிக்கொண்டோம், இருவருமே மாறவில்லை.

சிறையில் இருப்பவர்களுக்காக ஜெபிப்பதோடு நீங்கள் நின்றதில்லை. அவர்களைப் பார்க்க மனைவிமாரைக் கூட்டிப்போவீர்கள். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பீர்கள். வெளியே வந்தவருக்கு வேலை கேட்டு ஒரகடத்தில் ஆலை ஆலையாக ஏறுவீர்கள். எங்கள் உதிரிபாக ஆலையில் ஆள் எடுப்பது என் வேலை. ஜெபத்தால் மனிதர் மாறுவார் என்று நான் நம்பவில்லை என்றபோது, "நீ நம்பவே வேணாம். கேட்டைத் தொற, போதும்" என்றீர்கள்.

அப்படி வந்தவர்தான் சேகர். அவர் சிறையிலிருந்து வந்த விஷயம் ஆலையில் முதலாளிக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ஏதாவது பிரச்சினை என்றால் அன்றே அனுப்பிவிடுவேன் என்றிருந்தார் முதலாளி. வேலை நிலைத்தால்தான் பிள்ளையோடு திரும்புவேன் என்றிருந்தாள் சேகரின் மனைவி.

முதல் நாள் அவரைக் கொண்டுவந்து விட நீங்களும் ஆலை முற்றம் வரை வந்தீர்கள். ஷிப்டு சங்கு ஊதியது. எல்லோரும் வரிசையில் நிற்க, சேகர் மட்டும் கைகட்டித் தலைகுனிந்து தரையில் குந்திவிட்டார். சூப்பர்வைசர் முறைத்தார். நீங்கள் அந்தப் பெரிய உடம்போடு போய் சேகர் பக்கத்தில் உட்கார்ந்தீர்கள். உட்கார்ந்த பிறகுதான் எழுந்திருக்க முடியாது என்பது உங்களுக்கு நினைவு வந்தது. சேகரும் இன்னும் சிலரும் சேர்ந்து தூக்க, "ஆண்டவரே, ஒரு கிரேன் அனுப்பும்" என்றீர்கள். வரிசை முழுக்கச் சிரித்தது.

அந்தச் சிரிப்பிலேயே சேகர் தப்பித்திருக்கலாம். டீ நேரத்தில் அவராகவே சொல்லிவிட்டார்:

"நான் உள்ள இருந்துட்டு வந்தவன்ணே. அங்க ஆள் எண்ண விசில் ஊதுனா குந்தணும். சங்கு கேட்டதும் தானா குந்திட்டேன்."

லைனில் மூத்தவர், "இங்க குந்திக்கினு இருந்தா ஓ.டி. தர மாட்டாங்கபா. டீ ஆறுது, குடி" என்றார்.

முதலாளி என்னைக் கூப்பிட்டு, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். டீ குடிக்கிறார்கள் என்றேன். அடுத்த மாதமே சேகரின் மனைவி சுங்குவார்சத்திரத்தில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டாள்.

உங்களுக்குப் பிறகும் ஆட்கள் வருகிறார்கள், அக்கா. நான் இன்னும் ஜெபிப்பதில்லை. ஆனால் அவர்களுடைய முதல் நாளில் என் மாடி அறையில் இருப்பதில்லை. சங்குக்கு முன்பே முற்றத்துக்கு இறங்கி அவர்கள் பக்கத்தில் நின்றுகொள்கிறேன். யாராவது குந்தினால் நானும் குந்துவேன். தூக்கிவிட சேகர் இருக்கிறார்.