நடுப் பெடலின் கம்பளித் துணி

கூத்தாநல்லூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் ஹுமைராவுக்கு அத்தா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் அந்த லண்டன் குளிரில் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். பக்கவாதம் வந்த பிறகு பேச்சுதான் போயிற்று, நாம் பேசுவதெல்லாம் அவளுக்குக் கேட்கிறது.

பினாங்கிலிருந்து சீர்வரிசையாகக் கொண்டுவந்த பியானோவை அஸர் தொழுகைக்குப் பிறகு இடது கையால் வாசிக்கிறாள் என்று சொன்னேன் அல்லவா, அதுவும் நின்றுவிட்டது. நிறுத்தியவன் நான்தான். நன்றாகக் காதில் விழும்படி வாசித்தால் பேச்சு திரும்பும் என்று யாரோ சொன்னதை நம்பி, திருச்சியிலிருந்து சுருதி சேர்க்கிற தியாகராசனை வரவழைத்தேன். அவர் மெழுகுவத்தி வைக்கிற பித்தளைக் கைகளை ஒதுக்கிவிட்டு, பட்டு ஒட்டிய சித்திரப் பலகையைக் கழற்றிப் பார்த்தார். விக்டோரியா ராணி காலத்துச் சாமான், உள்ளே இரும்புச் சட்டம் இல்லை, எல்லாம் மரம், சுருதிக்கு இழுத்தால் பிளந்துவிடும் என்றார். சுத்தியல்களுக்கு முன்னால் கோழிக்கூண்டு மாதிரி கம்பிகள், கை நுழைய இடமில்லை என்று அலுத்துக்கொண்டார். சரி, சத்தமாவது கூடட்டும் என்று, நடுப் பெடலை மிதித்தால் சுத்தியலுக்கும் தந்திக்கும் இடையில் இறங்கிச் சத்தத்தை அமுக்குமே, அந்தக் கம்பளித் துணியை எடுக்கச் சொன்னேன். பூச்சி அரித்திருந்தது, தொட்டதும் உதிர்ந்துபோயிற்று.

அன்று சாயங்காலம் உன் அம்மா வழக்கம்போல் நடுப் பெடலை மிதித்துக்கொண்டு ஒரு கட்டையைத் தட்டினாள். தெருவுக்கே கேட்டது. சுட்டதுபோல் கையை எடுத்து மூடியைச் சாத்திவிட்டாள். என் அத்தாவுக்குப் பிடிக்காது என்று, கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தெருவுக்குக் கேட்காமல் வாசித்தவள், அவளிடம் போய் நான் சத்தம் வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். உள்ளதும் போச்சு நொள்ளைக்கண்ணா கதையாகிவிட்டது. பழைய போர்வையை வெட்டித் தொங்கவிட்டுப் பார்த்தேன், அது சரியில்லை என்று தலையை ஆட்டிவிட்டாள். சம்பாவும் மழையில் சாய்ந்து கிடக்கிறது, போய்ப் பார்க்க மனமில்லை. டாக்டரும் இனி மாத்திரை மட்டும்தான் என்கிறார்.

நேற்று மூடியைத் திறந்து வைத்தேன். மெல்ல எழுந்து வந்து பூட்டி, சாவியை என் கையில் வைத்துவிட்டுப் போனாள்.

அந்த ஊரில் பழைய பியானோவுக்குப் போடுகிற கம்பளி கிடைத்தால் அனுப்பு. அவள் இனி வாசிப்பாள் என்ற நம்பிக்கை எனக்கில்லை, ஆனாலும் அது இருந்த இடத்தில் இருக்கட்டும். பிள்ளைகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் எல்லோருக்கும் நீண்ட ஆயுளைத் தரட்டும். போனில் பியானோவைப் பற்றி மட்டும் கேட்டுவிடாதே அம்மா.

உன் அத்தா,
காதர் மைதீன்