அக்காவின் ரத்தத்தில் இருந்தது

வாழப்பாடி
12.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் அத்தை காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார். அதனால்தான் கடிதம்.

நாம் இருவரும் ஆராய்ச்சிக்குக் கொடுத்த ரத்தத்தின் முடிவை நினைத்து எனக்குத் தூக்கமே இல்லை. தீராத அசதி நோயோடு தொடர்பு இருக்கலாம் என்று சந்தேகப்படும் மரபணு உனக்கு இருக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு மூன்று வருடமாகப் படுத்துக் கிடக்கும் எனக்கு இல்லை. நீ நாள் முழுக்கத் தறி ஓட்டுகிறாய். நிறமும் நீளக் கூந்தலும் உனக்கே வந்தன. இதையாவது எனக்கு விட்டிருக்கக் கூடாதா?

"ரத்தத்துலயே ஒண்ணும் இல்லியாமே! எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டு" என்கிறார் அத்தை. தன் அம்மாவோடு சேர்ந்து என் வீட்டுக்காரரும் சிரிக்கிறார்.

நீ வந்து, ரத்தம் பிடித்த குழாய் மாறிவிட்டது, அது அபிக்குத்தான் இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்.

தங்கை
அபிநயா

வெண்ணந்தூர்
23.9.2025

அன்புள்ள அபிக்கு,

அது இருந்தால் நோய் வந்தே தீரும் என்றில்லை, இல்லாவிட்டால் உன் நோய் பொய்யுமில்லை என்று டாக்டர் சொன்னதைச் சொல்லத்தான் ஞாயிறு அன்று வந்தேன். நீ பாதி வழியில் வாளியை வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் வாய் மாறி, நீ கேட்ட பொய்யையே சொல்லிவிட்டேன். உன் மாமியார் மூலம் இங்கே தெரிந்துவிடும் என்று என் வீட்டுக்காரர், உன் மாமாவிடமும் அதே பொய்யைச் சொல்லிவைத்தேன்.

நான் சொன்னதும் உன் மாமியார் ஓடிவந்து வாளியை வாங்கிக்கொண்டாரே, பஸ்ஸில் வரும்போதெல்லாம் அதுதான் கண்ணில் நின்றது. என் கையிலிருந்து யாரும் எதையும் வாங்கியதில்லை, சாமி.

அக்கா
தேவிப்ரியா

வாழப்பாடி
15.10.2025

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தை இப்போது என்னை எழுப்புவதில்லை. வருகிறவர்களிடம், "மருமவளுக்கு ரத்தத்துலயே இருக்குது" என்று பெருமையாகச் சொல்கிறார். எல்லாம் உன் புண்ணியம்.

அபி

வெண்ணந்தூர்
8.1.2026

அன்புள்ள அபிக்கு,

எனக்கு வந்த கொசுக் காய்ச்சல் விட்டு ஒரு மாதமாயிற்று. அறுந்த இழையை முடிந்துவிட்டு உட்கார்ந்தால் எழ முடியவில்லை. மரபணுவாலா, காய்ச்சலாலா என்று டாக்டராலும் சொல்ல முடியவில்லை.

உன் மாமா, "உனக்கு ஒண்ணுமில்லீன்னு நீயேதான சொன்னே, இப்ப என்னத்துக்கு இந்த நடிப்பு?" என்கிறார். குழாய் மாறவில்லை என்று நான் சொன்னதை அவர் நம்பவில்லை. நீ சொல். அலைய வேண்டாம், போன் போதும்.

தேவி

வாழப்பாடி
27.1.2026

அன்புள்ள அக்காவுக்கு,

மாமாவிடம் பேசப் போனை எடுத்தேன். பூண்டு உரித்துக்கொண்டிருந்த அத்தை, "யாருக்கு கண்ணு?" என்றார். இந்த வீட்டில் என்னைக் கண்ணு என்று கூப்பிட இத்தனை வருடம் ஆயிற்று. போனை வைத்துவிட்டேன்.

உனக்கு வந்தது வெறும் காய்ச்சல் அசதியாகத்தான் இருக்கும். கொஞ்சம் பொறுத்துக்கொள். உனக்கு இருக்கிறது என்று நான் சொன்னால், எனக்கு மறுபடியும் இல்லாமல் போய்விடும், அக்கா.

தங்கை
அபிநயா