கடையில் சொல்லக் கூடாத வார்த்தை

செவ்வாய்க்கிழமை, இரவு

சவப்பெட்டிக் கடையில் யாரையும் "போயிட்டு வாங்க" என்று வழியனுப்பக் கூடாது. இத்தனை வருஷத்தில் தவறியதில்லை. போன வாரம், கணவருக்குப் பெட்டி எடுக்கப் பொன்மலையிலிருந்து வந்த ஓர் அம்மாவிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அப்போதே நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

இன்று சாயங்காலம் அந்த அம்மா மறுபடி வந்து நின்றார். அடுத்து யாருக்கோ?

"பெட்டிக்கு வரலைங்க, சும்மாதான் வந்தேன். சாவு வீட்டுல யாரும் வரேன்னு சொல்ல மாட்டாங்கல்ல? எல்லாரும் சொல்லாமலே போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் வரச் சொன்னீங்க."

டீ வாங்கிக் கொடுத்தேன். கடைக்கு வெளியே பாலக்கரை ரோட்டு நெரிசலைப் பார்த்தபடி மெதுவாகக் குடித்தார். கிளம்பும்போது படியில் நின்று என் முகத்தையே பார்த்தார். எதற்கென்று தெரிந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

"சொல்லாம விட்டதே நல்லது, படுங்க" என்கிறாள் மனைவி. எங்கே படுப்பது? சொல்லித் தொலைத்திருக்கலாம்.

வீடு தெரியும். பெட்டியை இறக்கியதே நான்தான். நாளை ஒரு எட்டு போய்ப் பார்க்கலாம் என்றால், என்னை வாசலில் பார்த்ததும் அந்தத் தெருவே பதறிவிடும்.