கொள்ளைக்காரியின் இரண்டு கோட்டுகள்

ஜூன் 4

அன்புள்ள இன்ஜின்காரருக்கு,

நலம். தோளும் நலம், நீங்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறேன். எலும்பு முறிந்த அன்று உங்களுக்குச் சத்தியம் செய்தபடி, சினிமாவில் நடிகைகளுக்குப் பதிலாகக் குதிப்பதற்கு முழுக்குப் போட்டாயிற்று. இப்போது ஒரு கடற்கொள்ளைப் படத்தில் தையல் வேலை. பதிலுக்கு நீங்கள் செய்த சத்தியமும் நினைவிருக்கட்டும்: இந்த ஒப்பந்தம் முடிந்ததும் கப்பலை விட்டு வீட்டுக்கு வரவேண்டும்.

படத்தில் ஒரு பெண்தான் கொள்ளைக் கப்பலுக்குத் தலைவி. ஒரு கண்ணில் கறுப்புத் துணி, கையில் வாள். கப்பல் நிற்பதோ ஒரு பெரிய கொட்டகைக்குள், முழங்கால் அளவுத் தண்ணீரில்!

உங்கள் தையல்காரி

ஜூன் 27

என் தையல்காரிக்கு,

வழக்கம்போல் உன் இடது கை, மை காயும் முன்பே வரிகளைத் தேய்த்துவிட்டது. பாதியைப் படித்தேன், மீதியை ஊகித்தேன்.

முழங்கால் தண்ணீரில் புயல் எப்படி வரும்? கப்பலை யார் ஆட்டுகிறார்கள்? இங்கே நிஜப் புயலில் மூன்று நாளாக என் தேநீர் மடியில்தான் இறங்குகிறது. எங்கள் சமையல்காரரிடம் சொன்னேன். "கொட்டகைக்குள்ள கப்பலா? எனக்கும் அங்க ஒரு வேலை பாக்கச் சொல்லுங்க, வாந்தியாவது வராது" என்கிறார். ஒன்றுவிடாமல் எழுது.

உன்னவன்

ஜூலை 15

அன்புள்ளவருக்கு,

கப்பல் ஆடவே ஆடாது! கேமராவைத்தான் பலகையில் வைத்து ஆட்டுகிறார்கள். டைரக்டர் ஒரு முறை விசில் ஊதினால் எல்லோரும் இடப்பக்கம் சாய வேண்டும், இரண்டு முறை ஊதினால் வலப்பக்கம். நேற்று ஒருவர் மாற்றிச் சாய்ந்துவிட்டார். "நீ மட்டும் அந்தப் பக்கம் சாஞ்சா கடல் எங்கய்யா போகும்?" என்று டைரக்டர் கத்தியதில் பிணமாகக் கிடந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். மறுபடி எடுத்தார்கள்.

தலைவிக்கு இரண்டு கோட்டுகள் தைத்தேன். ஒன்றில் பொத்தான் வலப்பக்கம், மற்றதில் இடப்பக்கம். கண் துணியும் அப்படியே. நடிகைக்கு வலது கைப் பழக்கம். அவருக்குப் பதிலாகக் குதித்துச் சண்டை போடுகிறவளுக்கு இடது கை. அவளுக்கு எல்லாவற்றையும் மாற்றி உடுத்திப் படமெடுத்து, பிறகு படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவார்கள். ஒரு குழந்தைக்குக்கூடத் தெரியாது. யோசனை யாருடையது என்கிறீர்கள்? என்னுடையது!

உங்கள் தையல்காரி

ஆகஸ்ட் 9

தையல்காரிக்கு,

அந்த இடக்கைக்காரி எவ்வளவு உயரத்திலிருந்து குதிக்கிறாள்? கீழே மெத்தை போடுகிறார்களா?

உன்னவன்

செப்டம்பர் 1

அன்புள்ளவருக்கு,

மெத்தை இருக்கிறது, இரண்டு அடுக்கு. நேற்று பீரங்கிப் புகைக்கு மாவு ஊதினார்கள், ஊரே தும்மியது. வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்.

உங்கள் தையல்காரி

பிப்ரவரி 20

கப்பல் தலைவிக்கு,

துறைமுகத்தில் இறங்கியதும் நானும் சமையல்காரரும் உன் படத்துக்குப் போனோம். பாய்மர உச்சியிலிருந்து கயிற்றைப் பிடித்து எதிரிக் கப்பலுக்குத் தாவினாளே, நான் எழுந்து நின்று கை தட்டினேன். இறங்கியவள் வலது தோளை உன்னைப் போலவே இரண்டு முறை சுழற்றினாள். என் கை அப்படியே நின்றுவிட்டது. படத்தைத் திருப்பினால் அது இடது தோள். எட்டு வாரம் நான் மருந்து தடவிய தோள்.

ஆகஸ்டிலேயே சந்தேகம்தான். இருந்தும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றிவிட்டாயே! திட்டி நான்கு பக்கம் எழுதினேன், கிழித்துப் போட்டேன். ஏனென்றால் நவம்பரிலேயே இன்னொரு வருடத்துக்கு இதே கப்பலில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது யார் யாரைத் திட்டுவது?

ஒன்று மட்டும் தெரிய வேண்டும். தாவும்போது பயமாக இருந்ததா?

உன்னவன்

மார்ச் 16

அன்புள்ளவருக்கு,

பயமாகத்தான் இருந்தது. கயிற்றை விட்ட பிறகு இல்லை. இறங்கியதும் முதலில் உங்களிடம்தான் சொல்லத் தோன்றியது. சொல்ல முடியாமல் போனதுதான் தோளைவிட வலித்தது.

நீங்கள் கையெழுத்துப் போட்டதைப் படித்து அழுதேன். கோபமும் வந்தது, இன்னும் இருக்கிறது. போட்டது போட்டதுதான், முடித்துவிட்டு வாருங்கள். அடுத்த படத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள், குதிக்கத்தான். போகிறேன். இனி நமக்குள் சத்தியம் வேண்டாம். நடப்பதை நடந்தபடி எழுதினால் போதும்.

இந்தக் கடிதத்தை ஒவ்வொரு வரியும் காயும்வரை காத்திருந்து எழுதினேன். நீங்கள் ஊகிக்க இதில் எதுவும் இல்லை.

உங்கள் இடக்கைக்காரி